கரும்பு டிராக்டரும் எண்பது ஹெச்.பி. காரும்: லோடு இழுக்கப் பெட்ரோலா, டீசலா?

பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, முந்தவும் வழியில்லாமல் ஊர்ந்து போனவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அப்படி ஒருநாள் ஊர்ந்துகொண்டிருந்தபோது என் சித்தப்பா மகன் கேட்டான்: “அண்ணா, அந்த டிராக்டர் நாற்பத்தைந்து ஹெச்.பி. நம் கார் எண்பது ஹெச்.பி. அந்த டிரெய்லரை அவிழ்த்து நம் காரில் கட்டினால் இன்னும் வேகமாக இழுக்க வேண்டும்தானே?”

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தோட்டத்துத் தக்காளியை ராயக்கோட்டை மண்டிக்குக் கொண்டுபோக ஒரு பிக்கப் வாங்க நினைத்திருந்தான். கையில் இரண்டு விளம்பரத் தாள்கள். ஒன்று பெட்ரோல் வண்டி, இன்னொன்று டீசல் வண்டி. பெட்ரோல் வண்டியின் ஹெச்.பி. சற்று அதிகம், விலையும் குறைவு. அப்புறம் எதற்காக எல்லோரும் டீசல் டீசல் என்கிறார்கள் என்பது அவனுடைய குழப்பம். டிராக்டர் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தெரிந்துவிட்டால், இந்தக் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

காரின் வீல் நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. ஸ்பேனரை மிதித்தும் அசையவில்லை. பட்டறைக்காரர் என்ன செய்வார்? ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புப் பைப்பைச் செருகி நீளமாக்குவார். அதே கை, அதே பலம், நட்டு சுழன்றுவிடும். இந்தத் திருகும் விசைக்குத்தான் முறுக்குவிசை என்று பெயர். ஓட்டுநர்கள் ‘இழுவை’ என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இதை நியூட்டன் மீட்டர் என்ற அளவில் தருவார்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைப்பது ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். 200 நியூட்டன் மீட்டர் என்றால் அதே கம்பியின் நுனியில் 20 கிலோ மூட்டை தொங்குவதாக எண்ணிக்கொள்ளலாம்.

ஹெச்.பி. (குதிரைத்திறன்) என்பது அந்த இழுவையை எவ்வளவு விரைவாகச் செலுத்த முடிகிறது என்ற கணக்கு. இழுவையை எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையால் பெருக்கி, 7,000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஹெச்.பி. வந்துவிடும். மனக்கணக்குக்கு இது போதும்.

இப்போது அந்த இரண்டு தாள்களையும் பிரித்துப் பார்ப்போம். மாருதி சூப்பர் கேரி பெட்ரோல், 1.2 லிட்டர் எஞ்சின்: சுமார் 80 ஹெச்.பி., அதுவும் 6,000 சுற்றில். இழுவை 104 நியூட்டன் மீட்டர், 2,900 சுற்றில். மஹிந்திரா பொலிரோ பிக்கப் டீசல், 2.5 லிட்டர்: சுமார் 75 ஹெச்.பி., 3,200 சுற்றில். இழுவை 200 நியூட்டன் மீட்டர், 1,400 சுற்றிலேயே. எஞ்சின் அளவில் ஒன்று மற்றதைப் போல் இரு மடங்கு என்பதால் இது சமமான போட்டி அல்ல. ஆனால் ஹெச்.பி. எண்ணை மட்டும் பார்க்கிறவர் எப்படி ஏமாறுவார் என்பதற்கு இதைவிட நல்ல சோடி கிடைக்காது.

டீசல் வண்டி 1,400 சுற்றில் தருவது எவ்வளவு? 200-ஐ 1,400-ஆல் பெருக்கி 7,000-ஆல் வகுத்தால் 40 ஹெச்.பி. அதே 40 ஹெச்.பி.யை அந்தப் பெட்ரோல் எஞ்சின் தர வேண்டுமானால் ஏறத்தாழ 2,700 சுற்றுக்குப் போயாக வேண்டும். அதன் முழு 80-உம் வேண்டுமென்றால் 6,000 சுற்று. லோடு ஏற்றிய வண்டியை நாள் முழுவதும் 6,000 சுற்றில் யாரும் ஓட்டுவதில்லை. காது தாங்காது, பர்ஸும் தாங்காது. தாளில் இருக்கும் 80 பெரும்பாலும் தாளிலேயே இருந்துவிடும். டீசலின் பலம் நீங்கள் அன்றாடம் காலை வைக்கும் இடத்திலேயே, கீழ்ச் சுற்றிலேயே கிடைக்கிறது.

டிராக்டருக்கு வருவோம். அதன் எஞ்சினும் டீசல், இரண்டாயிரம் சுற்றை ஒட்டியே வேலை செய்வது. அதற்கு மேல் அதன் கியர்கள் பைப் செருகிய ஸ்பேனர் போல. வேகத்தை விட்டுக்கொடுத்து விசையைப் பல மடங்காக்கும். கூடவே இரண்டு டன் எடை, ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த பின்சக்கரம், அதன் டயரில் மண்ணைக் கவ்வும் பட்டன். காரை அந்தக் கரும்பு டிரெய்லரில் கட்டினால் கிளட்ச் புகையும். அதற்கும் தப்பினால் டயர் வழுக்கும். எண்பது ஹெச்.பி. இருக்கிறதே என்று டிரெய்லர் நகராது.

சைக்கிள் பம்ப் சுடுவது ஏன்?

டீசல் எஞ்சினுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டிருப்பீர்கள். சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும், அவ்வளவுதான் சூட்சுமம். 1890-களில் ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதையே பிடித்துக்கொண்டார். காற்றை மட்டும் உள்ளே இழுத்து, மிகக் கடுமையாக அழுத்தி, சில நூறு டிகிரிக்குச் சூடேற்றி, அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பற்றவைக்கும் பிளக் தேவையில்லை. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் முன்பே கலந்துவிடும். அந்தக் கலவையை அளவுக்கு மீறி அழுத்தினால் பிளக் பொறியின் தீ முழுதும் பரவும் முன்பே தாறுமாறாகத் தானே வெடித்து, எஞ்சின் ‘டக்டக்’ என்று தட்டும். அதனால் பத்து மடங்கை ஒட்டி அழுத்துவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டீசலில் பதினைந்து மடங்குக்கு மேலும் போகலாம், ஏனென்றால் அழுத்தும்போது உள்ளே இருப்பது வெறும் காற்று. அழுத்தம் கூடக்கூட, ஒவ்வொரு சொட்டு எண்ணெயிலிருந்தும் எடுக்கும் வேலையும் கூடும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தாலும் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் அதிகம். இந்த இரண்டோடு, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவும் சேர்ந்தால், கீழ்ச் சுற்றிலேயே இழுவை வந்துவிடுகிறது.

இதற்கு விலையும் உண்டு. அந்த அழுத்தத்தைத் தாங்கக் கனமான எஞ்சின் வேண்டும். எண்ணெயை ஆயிரம் பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சும் பம்பும் இன்ஜெக்டரும் வேண்டும். லோடு ஏற்றும் பிக்கப்பின் டயரில் இருப்பது நான்கைந்து பார் என்று நினைவில் வைத்துக்கொண்டால், அந்த இன்ஜெக்டர் ஏன் அவ்வளவு விலை என்பது புரியும்.

மேட்டில் எத்தனை கிலோ?

சாலைச் சரிவைக் கணக்கிடுவது எளிது. நூறு மீட்டர் போனால் ஆறு மீட்டர் உயர்கிறது என்றால் அது ஆறு சதவீதச் சரிவு. லோடோடு சேர்த்து 2,500 கிலோ எடையுள்ள வண்டி அந்த மேட்டில் ஏறும்போது, எடையில் ஆறு சதவீதம், அதாவது 150 கிலோ, வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஏற, இந்தச் சரிவுக்கு மட்டும் 22 ஹெச்.பி. செலவாகும். டயர் உருளவும் காற்றைக் கிழிக்கவும் தனி. சமதளத்தில் இதில் கால்வாசி போதும். கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் வரை சமமான சாலையில் லோடு அடிப்பவருக்கும், மலையேறுகிறவருக்கும் ஒரே வண்டியை யாராவது பரிந்துரைத்தால் சந்தேகப்படுங்கள்.

நான் இதைப் பாடமாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருமுறை வத்தல்மலையிலிருந்து பலாப்பழம் இறக்க, தெரிந்தவரின் சிறிய பெட்ரோல் வண்டியில் துணைக்குப் போனேன். போகும்போது சும்மா போகக் கூடாதென்று மேலே ஒரு வீட்டு வேலைக்குச் சிமெண்ட் மூட்டை ஏற்றியிருந்தோம், அளவுக்குச் சற்று அதிகமாகவே. ஓட்டத்தில் ஏறிக்கொண்டிருந்தவரை பிரச்சினை இல்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து ஒரு ஜீப் வர, நிறுத்த வேண்டியதாயிற்று. மறுபடி நகர்த்தும்போதுதான் வினை. கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் அணைந்தது. சுற்றைக் கூட்டி விட்டால் வண்டி நடுங்கியது, அரை அடி முன்னால், ஒரு அடி பின்னால். மூன்றாவது முயற்சியில் கருகிய வாடை வந்தது. தேங்காய் நார் கருகுவது போன்ற அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். நான் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பாதி மூட்டைகளை ஓரத்தில் இறக்கிவைத்துவிட்டு ஏறி, மறுபடி வந்து எடுத்துப் போனோம். அந்த மாதமே கிளட்ச் பிளேட் மாற்றினார்.

தவறு வண்டியுடையது அல்ல, ஏற்றிய எங்களுடையது. ஆனால் கவனித்தீர்களா, இடர் வந்தது ஓடும்போது அல்ல, மேட்டில் நின்று கிளம்பும்போது. அந்த நேரத்தில் எஞ்சின் ஆயிரம் சுற்றைச் சுற்றியே இருக்கும். அங்கே இழுவை இல்லாத எஞ்சினுக்குக் கிளட்ச்தான் பலி. வண்டி வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். காலி வண்டியைச் சமசாலையில் ஓட்டிப் பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை. லோடு ஏற்றி, ஒரு மேட்டில் நிறுத்தி, கிளப்பிப் பாருங்கள்.

தொப்பூரில் இறங்குவது

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். இறங்குவதுதான் ஆளைக் கொல்கிறது. தருமபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர் கணவாய் இறக்கம் எத்தனை விபத்துகளைப் பார்த்திருக்கிறது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அங்கே ஒரு பழைய பழக்கம் உண்டு: எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவிடுவது.

ஏறும்போது பின்னுக்கு இழுத்த அதே 150 கிலோ, இறங்கும்போது முன்னுக்குத் தள்ளும். கியரில் இருந்தால் அதில் ஒரு பங்கை எஞ்சின் தாங்கும். நியூட்ரலில் போட்டால் முழுவதும் பிரேக்கின் தலையில். பிரேக் அந்த விசையை வெப்பமாக மாற்றுகிறது. வெப்பம் ஏற ஏற லைனிங்கின் பிடிப்பு குறைகிறது. மிதி கல் போல் இறுகியிருக்கும், வண்டி நிற்காது. சிலர் எஞ்சினையே அணைத்துவிடுவார்கள். சிறு வண்டியில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் பவர் ஸ்டியரிங்கும் அத்தோடு போயிற்று.

மிச்சமாகும் என்று நினைக்கும் எண்ணெயும் மிச்சமாவதில்லை. இப்போதைய கணினிக் கட்டுப்பாட்டு எஞ்சின்களில், பெட்ரோலானாலும் டீசலானாலும், கியரில் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எண்ணெய் முற்றிலும் நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது இன்றைக்கும் சரி.

இங்கே டீசல் அன்பர்களுக்குப் பிடிக்காத ஒரு செய்தி. எஞ்சினால் வண்டியைத் தடுக்கும் வேலையில் டீசல் பிறவியிலேயே அவ்வளவு கெட்டி அல்ல. பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்தால் காற்று வழியை ஒரு தகடு அடைத்துவிடும். எஞ்சின் மூச்சுக்குத் திணறி, அந்தத் திணறலே வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசல் வேலை செய்ய அப்படி ஒரு தகடு தேவையில்லை. உள்ளே வரும் காற்றை அழுத்தும்போது செலவான விசையை, காற்று விரியும்போது பெரும்பாலும் திருப்பித் தந்துவிடும். அதனால்தான் பெரிய லாரிகளில் புகைபோக்கி வழியை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தனியாக வைக்கிறார்கள். டீசல் பிக்கப் இறக்கத்தில் நன்றாகப் பிடிக்கிறது என்றால், பெரிய எஞ்சினும் தாழ்ந்த கியரும்தான் காரணம். டீசல் என்பதால் தொப்பூர் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணாதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், பின்னால் டிரெய்லர் இழுக்க “கேஸ் வண்டி வாங்கவா, டீசல் வண்டி வாங்கவா” என்று வீட்டில் கேட்டிருக்கிறான். அவன் அம்மா சிலிண்டர் வைத்த வண்டி என்று நினைத்துப் பயந்துவிட்டார். அங்கே கேஸ் என்றால் பெட்ரோல். ஃபோர்டு நிறுவனத்தின் பெரிய பிக்கப்பில் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 430 ஹெச்.பி., டீசல் 6.7 லிட்டர் 475 ஹெச்.பி. பார்வைக்குச் சிறு வித்தியாசம். இழுவையில் பெட்ரோல் 650 நியூட்டன் மீட்டர் அளவில் நிற்க, டீசல் 1,400-ஐத் தாண்டுகிறது. நம் ஊர்க் கதையேதான், எண் மட்டும் பெரியது. அங்கே டீசலுக்குக் கூடுதலாகப் பத்தாயிரம் டாலர் அளவுக்குக் கொடுக்க வேண்டும்; டீசல் விலையும் பெரும்பாலும் பெட்ரோலைவிட அதிகம். வருடத்தில் நான்கு முறை படகு இழுப்பவனுக்கு அது தண்டச் செலவு என்றுதான் சொன்னேன்.

டிரெய்லர் கட்டுகிறவர்கள் எஞ்சினுக்கு முன்பே பார்க்க வேண்டியது கொக்கியில் இறங்கும் எடை. பிக்கப்பின் பின்னால் கட்டும் டிரெய்லரில், அதன் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் அமர வேண்டும் என்பது அங்குள்ள பொதுக்கணக்கு. பாரத்தைப் பின்பக்கமாக அடுக்கினால் கொக்கி மேலே தூக்கும், டிரெய்லர் வால் ஆட்டும். ஓடும் வேகத்தில் அந்த ஆட்டம் தொடங்கிவிட்டால் எந்த எஞ்சினும் காப்பாற்றாது.

பெட்ரோல் பங்கில் போடும் கணக்கு

நம் ஊரில் டீசல் மோகத்துக்கு எஞ்சினைவிட அரசு நிர்ணயித்த விலை பெரிய காரணம். 2010 ஜூனில் பெட்ரோல் விலையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தார்கள். டீசலை விடுவித்தது 2014 அக்டோபரில்தான். இடையில், 2012-இல் ஒரு கட்டத்தில் இரண்டுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அப்போது டீசல் வாங்கியவர் கெட்டிக்காரர். இப்போது அந்த வித்தியாசம் பத்து ரூபாய்க்குள் சுருங்கிவிட்டது. பழைய கணக்கு மட்டும் டீக்கடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தம்பிக்காக ஒரு தாளில் போட்ட கணக்கு இது. எண்கள் எங்கள் அனுமானம், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். அதே லோடுக்கு டீசல் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், பெட்ரோல் 11 என்று வைத்தோம். டீசல் 93 ரூபாய், பெட்ரோல் 101. கிலோமீட்டருக்கு டீசலில் 6 ரூபாய் 65 காசு, பெட்ரோலில் 9 ரூபாய் 20 காசு. வித்தியாசம் இரண்டரை ரூபாய். டீசல் வண்டி ஒன்றேகால் லட்சம் கூடுதல் என்றால், அதை மீட்க 50,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தினமும் 150 கிலோமீட்டர் ஓடுகிறவர் ஒரு வருடத்துக்குள் மீட்டுவிடுவார். 40 கிலோமீட்டர் ஓடுகிற என் தம்பிக்கு ஏறத்தாழ மூன்றரை வருடம் ஆகும்.

அந்த 40-இலும் ஒரு சிக்கல். 2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி வந்தபிறகு டீசல் வண்டியின் புகைபோக்கியில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குப் புகைபோக்கி நன்றாகச் சூடேற வேண்டும், சூடேற நீண்ட ஓட்டம் வேண்டும். ஐந்து கிலோமீட்டர் போய் நிற்பது, மறுபடி ஐந்து என்று ஓடும் வண்டியில் கரி எரியாமல் சேர்ந்து, எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும், கடைசியில் பட்டறைச் செலவு. சிறிய டீசல் வண்டிகள் மெல்ல மறைவதற்கும் இந்தச் சுத்திகரிப்புக் கருவிகளின் விலைதான் காரணம். 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது 702 சி.சி. டீசல் எஞ்சினும் 16 ஹெச்.பி.யும்தான். அதுவே ஊரெல்லாம் நிறைந்தது. மாருதியின் சூப்பர் கேரியும் 2016-இல் டீசலாகத்தான் வந்தது, இப்போது பெட்ரோலிலும் சி.என்.ஜி. என்ற எரிவாயுவிலும்தான் கிடைக்கிறது. சற்றுப் பெரிய வண்டிகளில் டீசல் நீடிக்கிறது. நம் ஓசூரில் 2011-இல் பிறந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஓர் எடுத்துக்காட்டு.

சி.என்.ஜி. பற்றிச் சுருக்கமாக: ஓட்டச் செலவு குறைவு, இழுவையும் பெட்ரோலைவிடக் குறைவு. சிலிண்டரின் எடை உங்கள் லோடில் கழியும். உங்கள் வழியில் பங்க் இருந்தால் யோசியுங்கள்.

தம்பியின் கணக்குக்கு வந்தேன். ஒரு தக்காளிக் கிரேட் 25 கிலோ, காலிக் கிரேட் இரண்டு கிலோ என்றால் 27. பெட்ரோல் வண்டியின் சுமைத்திறன் சுமார் 740 கிலோ. 27 கிரேட் ஏற்றலாம். அவன் தோட்டத்தில் ஒரு பறிப்புக்கு இருபதைத் தாண்டுவது அபூர்வம், ராயக்கோட்டை வரை பெரிய மேடும் இல்லை.

பெட்ரோல் வண்டியே வாங்கினான். மாங்காய்ச் சீசனில் கிருஷ்ணகிரி கூழ் ஆலைக்கு ஒன்றரை டன் அடிக்க வேண்டியிருக்கும்போது என் பழைய டீசல் வண்டியின் சாவியைக் கேட்டு வருவான். டேங்கை நிரப்பித் தரவேண்டும் என்பது பேச்சு. போன வருடம் பாதிதான் நிரப்பியிருந்தான்.